கண்ணோரத்து நெல்

மகனே,

நீ நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நலமா இல்லையா என்பது உனக்கே தெரியாது. தெரிந்துகொள்ளவும் மாட்டேன் என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்கு மட்டும் அனுப்பினால் படித்த மாதிரி காட்டிக்கொள்ளாமல் இருந்துவிடுவாய் என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவிலேயே போடுகிறேன். நம் இரத்தத்தில் பங்கு உள்ள எல்லாரும் படிக்கட்டும். பூதலூரிலிருந்து மஸ்கட் வரைக்கும் சிதறிக் கிடக்கிற அத்தனை பேருக்கும் இதில் வேலை இருக்கிறது. நான் உன்னைப் பெற்றவன் இல்லை, பெற்றவனுக்கு மூத்தவன். எனக்குப் பிறந்தது இரண்டும் பெண். மகனே என்று கூப்பிட இந்த வீட்டில் நீ ஒருத்தன்தான் இருக்கிறாய். அந்தப் பாத்தியதையில் எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உன் அப்பன் மேல் எனக்குப் பொறாமை. இது ஊருக்கே தெரிந்த விஷயம், மறைக்க ஒன்றுமில்லை. நிலம் பாகம் பிரித்தபோது மூத்தவன் பிரிக்க வேண்டும், இளையவன் முதலில் எடுக்க வேண்டும் என்பது வழக்கம். நான் நியாயமாகப் பிரித்தேன். அவன் கண்ணை மூடிக்கொண்டு கை வைத்தது தலைமடையில். எனக்கு வந்தது வாய்க்காலின் வால். அவனுக்குத் தண்ணீர் ஏறி வழிகிற நாளில் நான் மண்வெட்டியோடு நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கடைமடையில் நான் எடுத்த விளைச்சலைப் பார்க்க மாவட்ட ஆட்சியரே ஜீப்பில் வந்து, என் தோளில் கை போட்டு, இதை எப்படி ஐயா செய்தீர்கள் என்று கேட்டார். வந்தது ஆட்சியர் இல்லை, வேளாண்மை ஆபீஸ் டிரைவர் என்று உன் பெரியம்மா சொல்வாள். நம்பாதே.

ஆனால் நிலத்தைவிட என்னை எரித்தது வேறு. நம் குடும்பத்தில் சிலருக்குக் கண்ணோரத்தில், மூக்கை ஒட்டி, இமைமேல் மஞ்சளாக ஒரு சின்னத் தடிப்பு வரும். பார்த்தால் அவித்த நெல் ஒன்று ஒட்டிக்கொண்ட மாதிரி இருக்கும். நெல் விழுந்திருக்கிறது என்று சொல்வோம். அது விழுந்தவன் கை பட்டால் களம் நிறையும் என்று நம் வீட்டில் ஒரு நம்பிக்கை. சித்திரையில் நல்லேர் பூட்டுகிற அன்றைக்கு முதல் கைப்பிடி விதையை வீசுகிற உரிமை ஊரெல்லாம் மூத்த மகனுக்கு. நம் வீட்டில் மட்டும் கண்ணில் நெல் உள்ளவனுக்கு. உன் தாத்தா போன பிறகு அப்படி யாரும் இல்லாததால் நான்தான் வீசிக்கொண்டிருந்தேன். உன் அப்பனுக்குக் கல்யாணமாகி நீ தவழ்ந்துகொண்டிருந்த சமயம், அவன் கண்ணோரத்தில் அந்த மஞ்சள் தெரிந்தது. அந்தச் சித்திரையிலேயே விதைக் கூடையை என் கையிலிருந்து வாங்கி அவன் கையில் கொடுத்துவிட்டார்கள். எங்கள் அம்மாவே வாங்கிக் கொடுத்தாள். அவன் வீச, நான் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அன்றிலிருந்து கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் என் இமையை இழுத்து இழுத்துப் பார்ப்பேன். விரலால் தேய்த்தும் பார்த்திருக்கிறேன். எனக்குக் கடைசிவரைக்கும் விழவே இல்லை.

போன தை மாதம், அறுப்பு மெஷின் பின்னாலேயே நடந்துகொண்டிருந்த உன் அப்பன் வரப்பில் உட்கார்ந்தான். உட்கார்ந்தவன் எழவில்லை. தஞ்சாவூருக்குக் கொண்டு போனோம். என் சட்டையெல்லாம் அவன் வாந்தி. நெஞ்சுக் குழாயில் அடைப்பு என்று கம்பிச் சுருள் வைத்தார்கள். பிழைத்தான். பிழைத்தவனைப் பார்க்க ஊரே திரண்டது. ஆப்பிள் என்ன, மாதுளை என்ன, ஹார்லிக்ஸ் என்ன! எனக்குக் குடலிறக்கம் ஆபரேஷன் நடந்தபோது வந்தது ஒரே ஒரு சாத்துக்குடிப் பை, அதையும் கொண்டு வந்தவரே உரித்துத் தின்றுவிட்டுப் போனார். வார்டு வாசலில் உட்கார்ந்து வருகிறவர்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் அந்த மரபணு ஆலோசகர் பெண் வந்தாள். சின்ன வயதுப் பெண், கழுத்தில் அடையாள அட்டை. கையில் ஒரு தாள். ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம் என்று நம் குடும்பத்தையே கோலம் மாதிரி வரைந்தாள். நான் மூத்தவன் என்பதால் என்னிடம்தான் கேட்டாள். நான் பேசப் பேச அவள் நாற்காலியை விட்டே எழுந்துவிட்டாள், இப்படி ஒரு ஞாபகசக்தியைப் பார்த்ததே இல்லை என்று. அவள் எழுந்தது பேனா எடுக்க என்பாள் உன் பெரியம்மா. இருக்கட்டும்.

"உங்க குடும்பத்துல யாருக்காவது கண்ணோரத்துல மஞ்சளாத் தடிப்பு இருந்துச்சுங்களா ஐயா?"

"நெல்லா? அது எங்க குடும்ப ராசிம்மா. எங்கப்பாவுக்கு இருந்துச்சு. எங்க பெரியப்பாவுக்கு இருந்துச்சு. அவங்கப்பாவுக்கும் இருந்ததாச் சொல்லுவாங்க. ராஜா காலத்துல இருந்தே உண்டு."

"அவங்கல்லாம் எத்தனை வயசு வரைக்கும் இருந்தாங்க?"

என்ன கேட்டாலும் எனக்குப் பதில் தயாராக இருக்கும் என்பது உனக்குத் தெரியும். தொண்ணூறு, நூறு என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். உன் தாத்தா நடவு வயலில் முகம் கழுவக் குனிந்தவர் அப்படியே போனார். வெயில் அடித்துவிட்டது என்றார்கள். பெரிய தாத்தா வண்டி ஓட்டிக்கொண்டே போனார். பாம்பு தீண்டியிருக்கும் என்றார்கள். அவர்களுடைய அப்பனுக்கு ஏதோ காற்று அடித்தது என்றார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தோம். நெல் விழுந்தவர்கள் ஒருவர்கூடத் தலை நரைக்கும் வரை இருந்ததில்லை என்பதை இத்தனை தலைமுறையில் ஒருத்தரும் சேர்த்துப் பார்க்கவில்லை. அந்தப் பெண் பேனாவால் ஒவ்வொரு கட்டமாகக் கறுப்படித்துக்கொண்டே வந்தாள். கோலம் மாதிரி இருந்த தாள் சாவுப் பட்டியல் மாதிரி ஆகிவிட்டது.

உனக்குப் புரியும்படி சொல்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், ஆனால் இந்த விஷயத்தில் என்னிடம் அந்த டாக்டர்களே சந்தேகம் கேட்கிற அளவுக்கு வந்துவிட்டேன். இரத்தத்தில் சேர்கிற கெட்ட கொழுப்பை ஈரல் வாரி எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கு மடை மாதிரி ஒன்று இருக்கிறது. சிலருக்குப் பிறக்கும்போதே அந்த மடை பாதி அடைத்திருக்கிறது. வடிய வேண்டியது வடியாமல் சின்ன வயதிலிருந்தே குழாயில் படிகிறது. கொஞ்சம் கண்ணோரத்திலும் படிந்து வெளியே தெரிகிறது. நாம் அதைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம். நீ ஜிம்முக்குப் போகிறாய், எண்ணெய் தொடுவதில்லை, வாரத்தில் ஒருநாள் சோறே கிடையாது என்கிறாய். எல்லாம் நல்லதுதான். ஆனால் மடை அடைத்திருந்தால் அது மட்டும் போதாதாம். தினம் மாத்திரை வேண்டும். மாத்திரை போட்டால், அதுவும் காலத்தோடு போட்டால், மற்றவர்களைப் போலவே கிழவனாகலாம். அப்பனுக்கோ அம்மாவுக்கோ இருந்தால் பிள்ளைக்கு வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆண், பெண் பேதம் இல்லை. நெல் விழாதவனுக்கும் இருக்கலாம், விழுந்தவனுக்கு இல்லாமலும் போகலாம். அதனால் கண்ணாடியைப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது, இரத்தத்தைப் பார்க்க வேண்டும். ஒருத்தருக்குக் கண்டுபிடித்தால் அங்கிருந்து கூடப்பிறந்தவர்கள், பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் என்று ஒவ்வொரு வீடாகத் தட்டிக்கொண்டு போவதுதான் அவள் வேலையாம். ஊருக்குள் சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு வீடாக வந்து பார்க்கிறார்களே, அந்த மாதிரி இதையும் ஒருநாள் எல்லாருக்கும் பார்த்துவிட வேண்டும் என்று சொன்னாள். நான்தான் அந்த யோசனையைக் கொடுத்தேன் என்று நினைக்கிறேன்.

எனக்கும் இரத்தம் எடுத்தார்கள். எனக்கு இல்லாமல் இருக்காது என்று முடிவே கட்டிவிட்டேன். நடையிலும் குரலிலும் கோபத்திலும் நான் எங்கப்பா. உன் அப்பன் எங்கம்மா ஜாடை. அவனுக்கே இருக்கும்போது எனக்கு எப்படி இல்லாமல் போகும்? ரிசல்ட் வந்த அன்று அந்தப் பெண் சிரித்த முகமாகச் சொன்னாள்.

"உங்களுக்கு அந்த மரபணு மாற்றம் இல்லீங்க ஐயா. உங்க பொண்ணுங்களுக்கும் இதைப் பாக்க வேண்டியதில்ல. சந்தோஷமாப் போயிட்டு வாங்க."

"நல்லாப் பாத்தீங்களாம்மா? நான் மூத்தவன்."

"நல்லாப் பாத்தாச்சுங்க."

"தம்பிக்கு இருக்குங்கிறீங்க. மூத்தவன் எனக்கு இல்லங்கிறீங்க. ஊருல கேட்டாச் சிரிக்க மாட்டாங்களா? இன்னொரு தடவை எடுங்க."

"இதுல மூத்தவங்க, இளையவங்க எல்லாம் கிடையாதுங்க ஐயா."

உன் பெரியம்மா என் கையைப் பிடித்து வெளியே இழுத்தாள். "வியாதி இல்லன்னு சொன்னதுக்கு ஒப்பாரி வைக்கிற ஆம்பள உலகத்துலயே நீங்க ஒருத்தர்தான். வாங்க, பஸ் போயிரும்" என்றாள். அவளுக்கு என்ன தெரியும்? நிலத்தில் தலைமடை அவனுக்கு. விதைக் கூடை அவனுக்கு. எங்கப்பா இரத்தமும் அவனுக்கே என்றால் நான் யார் பிள்ளை? வீட்டுக்கு வந்து உன் அப்பன் கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டு கத்தித் தீர்த்தேன். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

அதன் பிறகுதான் உன் கதை. அந்தப் பெண் உனக்குப் போன் செய்தாள். நீ எடுக்கவில்லை. உன் அப்பன் சொன்னான். வேலை இருக்கிறது என்றாய். நான் சொன்னேன். அன்றைக்கு நீ என்ன சொன்னாய் என்று உனக்கு மறந்திருக்கலாம், எனக்கு மறக்கவில்லை. "கல்யாணம் முடியட்டும் பெரியப்பா, அப்புறம் பாத்துக்கலாம். இப்பப் போயி இருக்குன்னு வந்துச்சுன்னா நன்னிலத்துல பொண்ணு வீட்டுல என்ன நினைப்பாங்க? தயவுசெஞ்சு யாரும் அங்க வாயத் தொறக்காதீங்க." யாரும் என்றால் நான்தான் என்று எனக்குத் தெரியாதா? அதே வீடியோ காலில், உன் சிங்கப்பூர் ரூமில் குழல் விளக்கு நேராக உன் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. உன் கண்ணோரத்தில் மஞ்சளாக ஏதோ தெரிந்தது. வெளிச்சமா, போன் கண்ணாடியில் அழுக்கா, வேறு ஏதாவதா என்று என்னால் சொல்ல முடியவில்லை. உன் அப்பனும் அதைப் பார்த்தான்.

இப்போது நன்னிலத்தில் நடந்ததைச் சொல்கிறேன். உனக்கு இதற்குள் ஏதாவது ஒரு மாதிரி தகவல் வந்திருக்கும். நான் சொல்வதுதான் சரியானது. பத்திரிகை அடிப்பது பற்றிப் பேச உன் அப்பனும் நானும் பெண் வீட்டுக்குப் போயிருந்தோம். அவனுக்கு மெத்தை போட்ட நாற்காலி, எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. அவனுக்கு முதல் காப்பி, வெள்ளி டம்ளர். எனக்கு வந்தது எவர்சில்வர். அவன் சம்பந்தி, சரி, பொறுத்துக்கொண்டேன். அப்போது உன் மாமியாராகப் போகிறவர் அவன் முகத்தையே பார்த்துவிட்டு, "சம்பந்திக்குக் கண்ணோரத்துல அந்த மஞ்சப் பொட்டு எவ்வளவு லட்சணம்! அது ராசியாம்ல, எங்க சித்தி சொன்னாங்க. மாப்பிள்ளைக்கும் விழுமாங்க?" என்றார். உன் அப்பன் சிரித்தான். மகனே, எல்லாம் தெரிந்த பிறகும், நெஞ்சில் கம்பிச் சுருளோடு உட்கார்ந்துகொண்டு, அந்த நெல்லுக்கு வந்த பெருமையை அவன் வாங்கிக்கொண்டான்.

"அது ராசி இல்லீங்கம்மா. வியாதி. எனக்கு அது கிடையாது" என்றேன்.

"அண்ணே!" என்றான் உன் அப்பன்.

வாய் நின்றால்தானே? எங்கப்பா போனது, பெரியப்பா போனது, மடை, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன். பெண்ணின் அப்பா மெதுவாகக் கேட்டார்: "அப்ப மாப்பிள்ளைக்கு?"

உன் அப்பன் முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை ஆஸ்பத்திரியில்கூட நான் பார்க்கவில்லை. எடுத்தாச்சுங்க, ஒன்றுமில்லைங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்தது. இதைவிடப் பெரிய பெரிய கதையெல்லாம் காப்பி ஆறுவதற்குள் கட்டி எழுப்பியவன் நான். அன்றைக்கு வரவில்லை. "தெரியாதுங்க. பயந்துக்கிட்டு அவன் பாக்கமாட்டேங்கிறான்" என்றேன்.

உள்ளேயிருந்து உன் கயல்விழி வந்தாள். வேலை பார்க்கிற கூட்டுறவு சங்கத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள் போல, தோளில் பை இன்னும் கிடந்தது. அவள் அப்பா, "நீ உள்ள போம்மா, பெரியவங்க பேசிக்கிறோம்" என்றார். அவள் போகவில்லை. என்னைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"இதுக்கு மருந்து இருக்குங்களா பெரிய மாமா?"

"இருக்கும்மா. தினம் மாத்திரை."

"எங்கப்பா சர்க்கரைக்குக் காலையில ரெண்டு, ராத்திரி ரெண்டு போடுறாரு. அதுக்காக எங்க வீட்டுல பொண்ணு எடுக்க நீங்க யாரும் யோசிச்சீங்களா?"

"இல்லம்மா."

"பொறக்குற புள்ளைங்களுக்கும் வருங்களா?"

"வரலாம், வராமலும் இருக்கலாம். பாதிக்குப் பாதி. சின்னதுலயே பாத்துட்டா கவலை இல்ல."

"அப்ப இவருக்கு இருக்கா இல்லையான்னு தெரிஞ்சாத்தான அதைப் பாக்க முடியும்?" என்றவள் உன் அப்பன் பக்கம் திரும்பினாள். "மாமா, அவருக்கு இருந்தாலும் நான் கட்டிக்கிறேன். இல்லன்னாலும் கட்டிக்கிறேன். தெரியாதுன்னு வந்து நின்னா கட்டிக்க மாட்டேன். இதை நானே போன்ல சொல்லுவேன், அவருக்குக் கோவம் வந்து கட் பண்ணிருவாரு. நீங்களே சொல்லிருங்க."

அவள் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். அப்பா, "பத்திரிகையை ரெண்டு வாரம் கழிச்சு அடிச்சுக்கலாங்க" என்று மட்டும் சொன்னார். இதுதான் நடந்தது. நான் உன் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேன் என்று யாராவது சொன்னால், கெடுக்கவில்லை, உன் கையில் கொண்டு வந்து வைத்திருக்கிறேன் என்று சொல்.

திரும்பி வரும்போது மகாலிங்க சுவாமியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று உன் அப்பன் திருவிடைமருதூர் வழியாக வண்டியை விட்டான். நாங்கள் போன நேரம் நடை சாத்தியிருந்தது. தெரு நிழலில் காரை நிறுத்திக் காத்திருந்தோம். உன் அப்பன் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டே பேசினான்.

"உனக்கு எம்மேல அப்படி என்னண்ணே வயித்தெரிச்சல்?"

"எல்லாத்துலயும்தான். நீ எடுத்த பங்கு, நீ வீசுன விதை, உனக்கு வந்த ஆப்பிளு."

"ஆப்பிளா?" என்று சிரித்தான். அப்புறம் சிரிப்பு நின்றது. "உனக்கு இல்லன்னு ரிசல்ட் வந்த அன்னிக்கு நீ என் கட்டில் பக்கத்துல நின்னு கத்துனீல்ல, நான் திரும்பிப் படுத்துக்கிட்டு அழுதுக்கிட்டு இருந்தேன். எனக்கு உம்மேல அவ்வளவு பொறாமைண்ணே. உன் பொண்ணுங்களுக்கு நீ எதையும் குடுக்கலன்னு உனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் என் புள்ளைக்கு எதைக் குடுத்திருக்கேன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயமா இருக்கு, கேக்காம இருக்கவும் முடியல. அவன் போன் வந்தாலே நெஞ்சு அடிச்சுக்குது."

மகனே, உன் அப்பன் என்னைப் பார்த்து ஒருநாளாவது பொறாமைப்பட வேண்டும் என்று நான் வேண்டாத சாமி இல்லை. அப்படி ஒரு நாள் வந்தால் தெருவுக்கே ஜாங்கிரி கொடுப்பேன் என்று நினைத்திருக்கிறேன். வந்தது. என்னால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கார் கண்ணாடியை இறக்கிவிட்டு, டீக்கடையில் யாரையோ தெரிந்த மாதிரி கையசைத்தேன். என் பெண்கள் இரண்டு பேரும் தலைவலி என்று சொன்னால் தலைவலி என்று மட்டும் நினைத்துக்கொண்டு தூங்கிவிடுகிறவன் நான். அது பெரிய சொத்து என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. அந்தச் சொத்தில் அவனுக்கு ஒரு காணி எழுதிக் கொடுக்க முடிந்தால் அங்கேயே, அந்தக் காரிலேயே எழுதிக் கொடுத்திருப்பேன். என்னால் முடியாது. உன்னால்தான் முடியும்.

இப்போது இங்கே வாய்க்காலில் பொக்லைன் இறங்கியிருக்கிறது. ஆனி மாதத் தண்ணீர் வருவதற்கு முன்னால் தூர் வாரிக்கொண்டிருக்கிறார்கள். தண்ணீர் வந்து கரை உடைந்த பிறகு மண்வெட்டி தேடுகிறவனை நீயும் நானும் சேர்ந்து திட்டியிருக்கிறோம். உன் அப்பன் கரை உடைந்த பிறகு கண்டுபிடித்தவன். உன் தாத்தாவுக்கு அந்தப் பேச்சே கிடையாது. உனக்கு இன்னும் தண்ணீர் வரவில்லை. இருந்தால் தூர் வாரலாம். இல்லையென்றால் என்னைப் போல ஒன்றுமில்லாததற்கெல்லாம் சண்டை போட்டுக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம். இரண்டில் எது என்று தெரியாமல் இருப்பதுதான் உன்னையும் உன் அப்பனையும் அந்தப் பெண்ணையும் தின்கிறது. கயல்விழியைப் பற்றி ஒன்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அப்படி ஒரு பெண் தன்னைக் கட்டிக்கொள்கிறேன் என்று சொல்ல, இவன் சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒரு ஊசிக்குப் பயப்படுகிறானே என்று எனக்கு உன் மேலும் எரிச்சல்தான்.

உன் அப்பனுடைய ரிப்போர்ட்டைப் போட்டோ எடுத்து உனக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். அதை அங்கே ஒரு டாக்டரிடம் காட்டினால் போதும். மரபணு முழுக்கத் தேட வேண்டியதில்லை, உன் அப்பனுக்குப் பழுது தெரிந்த அந்த ஒரு இடத்தை மட்டும் பார்த்துச் சொல்லிவிடுவார்கள் என்றாள் அந்தப் பெண். இந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு லீவு என்று எனக்குத் தெரியும். கடை, சினிமா என்று எங்கேயும் சுற்றாதே. போய் இரத்தம் கொடு.

ரிசல்ட் கைக்கு வந்ததும் போன் போடு. இருக்கிறது என்றாலும் சரி, இல்லை என்றாலும் சரி, முதலில் எனக்குத்தான் சொல்ல வேண்டும். நல்ல சேதி என்றால் அதை வாங்கிக்கொண்டு போய் அவன் முன்னால் நான்தான் நிற்க வேண்டும், அதை வேறு யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். கெட்ட சேதி என்றால் அவன் நெஞ்சு தாங்குகிற மாதிரி அதை எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். கூட்டியும் குறைத்தும் பேசியே காலத்தை ஓட்டியவன் நான். உன் அப்பனுக்கு நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கொள்கிறேன்.

உன் பெரியப்பா